ஒழுகும் கூரையும் ஓடும் வீடும்

மழைக்கும் கணக்குப் பரீட்சைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. நாம் எந்த இடத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறோமோ, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து இரண்டும் கேள்வி கேட்கும். ஓட்டு வீட்டில் குடியிருந்து பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐப்பசி பிறந்ததும் கூடத்தில் ஒரு பித்தளை அண்டா, தாழ்வாரத்தில் இரண்டு வாளி, பூஜை அறையில் ஒரு சொம்பு என்று பாத்திரங்கள் தத்தம் ஸ்தானத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வீடு ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த வீட்டுக்கே நான்கு சக்கரம் வைத்து, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனால், ஒழுகலின் கதை என்ன ஆகும்? அதைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

காம்ப்பர் வான் என்பது மேல்நாட்டாரின் ஓடும் வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு குளிர்ப்பெட்டி எல்லாம் ஒரு மோட்டார் வண்டிக்குள் அடக்கம். ஹாலந்து தேசத்து வியாபாரியான பென் பான் என்பவர் 1947-ஆம் வருஷம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்தது ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் புகழ்பெற்ற வான். அது 1950-இல் உற்பத்திக்கு வந்தது. மறு வருஷமே ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்குள் வைப்பதற்கென்று படுக்கையும் அலமாரியும் சேர்ந்த பெட்டியொன்றைச் செய்து விற்றது. இங்கிலாந்தில் ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் கம்பெனியார் 'டார்மொபில்' என்ற பெயரில், கூரையை ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தி எழுந்து நிற்க இடம் பண்ணிக்கொள்ளும் வண்டிகளைச் செய்தார்கள். இந்தப் பழைய வண்டிகளில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; பல ஒழுகிக்கொண்டும் இருக்கின்றன.

இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முழுவதும் இரும்புத் தகட்டினால் ஆன வான். அதன் கூரையை அறுத்துத் திறப்புக் கூரை வைத்திருப்பார்கள். மற்றொன்று, மோட்டாரின் முன்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் மரச்சட்டங்களை நிறுத்தி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே ஒட்டுப்பலகையும் இடையில் நுரைப்பலகையுமாகக் கட்டிய பெட்டி வண்டி. முதல் ஜாதியில் நீர் புகுந்தால் துரு ஏறும். துரு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது ஜாதியில் நீர் புகுந்தால் மரம் உளுக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே தகடு பளபளவென்றிருக்கும், உள்ளே சித்திரக் காகிதம் ஒட்டிய சுவர் அழகாயிருக்கும், நடுவில் சட்டம் ஈரக் கருப்பட்டி போல் கரைந்துகொண்டிருக்கும். ஆகையால் நாம் அதிகமாகச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது ஜாதியைப் பற்றியே.

நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணாக்கர் ஒருவர் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்தில் உத்தியோகம் பார்க்கிறார். சில வருஷத்துச் சேமிப்பைப் போட்டு, 1993-இல் கட்டிய பெட்டி வண்டியொன்றை 2022-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் வாங்கினார். மனைவியும் இரண்டு குழந்தைகளும் கடற்கரை கடற்கரையாகப் போவதற்குப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். குளிர்காலம் கழிந்து வண்டியைத் திறந்தால், பின்புறப் படுக்கைக்கு மேலே இடது மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். அதற்குள் இன்னொரு வளையம். விரலால் அழுத்தினால் சுவர் பன் ரொட்டி போல் உள்ளே போயிற்று. அந்நாட்டு எம்.ஓ.டி. என்ற வருஷாந்தரப் பரிசோதனையில் வண்டி தேறியிருந்தது. ஆனால் அந்தப் பரிசோதனை பிரேக்கையும் டயரையும் விளக்குகளையும் பார்க்குமே யல்லாமல், படுக்கையறைச் சுவரின் ஈரத்தைப் பார்ப்பதில்லை. அதற்குத் தனியே ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரர் ஒருவர் சொன்ன கூலி, வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு சிநேகிதர் வேறு யோசனை சொன்னார்: "மூலையில் ஒரு புதுப் பலகையை ஒட்டு, மேலே ஒரு குழாய் சிலிக்கோனைப் பிதுக்கு, வெயில் நாளாகப் பார்த்து விற்றுவிடு." மாணாக்கருக்கு இது சற்றே சபலமாகத்தான் இருந்ததாம். அவருடைய மனைவி, "வாங்குகிறவர்களுக்கும் குழந்தைகள் இருக்குமே, அவர்களும் இந்தப் படுக்கையில்தானே படுப்பார்கள்?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு விற்கிற பேச்சு எழவில்லை. 2023 மே மாதம், விடுமுறையில் நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, "ஸார், கூரை வேலை ஒன்று இருக்கிறது" என்றார். ஓட்டு வீட்டில் வளர்ந்த நமக்கு அதைவிட நல்ல உபசாரம் வேறு என்ன வேண்டும்?

முதலில் தீர்மானிக்க வேண்டியது, இது ஒழுகலா அல்லது வியர்வையா என்பது. குளிர்ந்த தேசத்தில் மூடிய வண்டிக்குள் நான்கு பேர் ஓர் இரவு உறங்கினால், அவர்களுடைய மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படும். காஸ் அடுப்பு வேறு இருக்கிறது. ஒரு கிலோகிராம் புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோகிராமுக்கு மேல் நீராவி உண்டாகிறது என்பது ரஸாயனம் படித்தவர்களுக்குத் தெரிந்த கணக்கு. இவ்வளவும் குளிர்ந்த கூரையில் பட்டுத் துளியாக நிற்கும். இதை ஒழுகல் என்று நினைத்துக்கொண்டு கூரை முழுவதும் மக்கு பூசுகிறவர்கள் உண்டு. கண்டுபிடிக்க ஓர் எளிய உபாயம் இருக்கிறது. சந்தேகமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, அதன் மேல் ஒரு சாண் சதுரத்திற்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் நாடாவினால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் நம் பக்கத்தில் நீர் நின்றால் அது மூச்சுக்காற்று. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும். தாளுக்குப் பின்புறம் நீர் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் மாணாக்கரின் வண்டியில் பின்புறம்தான் நின்றது.

அடுத்தது ஈரமானி. கையடக்கமான கருவி, இரண்டு ஊசி முனைகள். அவற்றை மரத்தில் குத்தினால், இடையே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு ஈரத்தைச் சதவிகிதத்தில் சொல்லும். 15-க்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் காளான் வகைகள் மரத்தைத் தின்னத் தொடங்கும் எல்லை. 30-க்கு மேல் போனால் மரம் கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஊசி முனை துளை போடுமாகையால் அலமாரிக்குள், ஜன்னல் ரப்பருக்கடியில் என்று மறைவான இடங்களில் குத்த வேண்டும். ஒரு முழத்துக்கு ஒரு முறை குத்தி, எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே போனோம். பையனுக்கு ஒன்பது வயது; எண்களை வண்டியின் படத்தில் எழுதுகிற உத்தியோகத்தை அவன் ஏற்றுக்கொண்டான். பழுப்பு வளையம் இருந்த மூலையில் 34. அதிலிருந்து முன்னோக்கிக் கூரையோரமாக 31, 29, 26. பிறகு ஒன்றரை மீட்டருக்கு அப்பால் திடீரென்று 14. நேயர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நீர் தெரிந்த இடம் மூலை. நீர் புகுந்த இடம் அந்த 26-க்கும் 14-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். படம் பார்த்த பையனே இதைச் சொன்னான் என்பதை நாம் வாத்தியார் என்ற முறையில் பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

ஓட்டு வீட்டிலும் இதே கதைதான். ஓடு உடைந்தது முகட்டருகே இருக்கும்; நீர் கைமரத்தின் வழியே இறங்கி, முடிச்சு இருக்கிற இடத்தில் சொட்டும். வண்டியில் இது இன்னும் விசித்திரம். அந்த வீட்டு முற்றம் சாலையை நோக்கிச் சரிந்தது. வண்டி பின்புறம் தாழ்ந்து நின்றது. ஆகவே நீர் சட்டத்தின் மேல் பின்னோக்கி ஓடி மூலையில் தேங்கியது. வண்டி ஓடும்போது பிரேக் போட்டால் அதே நீர் முன்னோக்கிப் பாய்ந்து துணி அலமாரிக்குள் சொட்டியது. மாணாக்கர் இதை இரண்டு ஓட்டைகள் என்று எண்ணி, இரண்டிற்கும் மேலே சிலிக்கோன் பூசி வைத்திருந்தார். கூரை நடுவிலுள்ள வெளிச்சக் கதவையும் சந்தேகித்து அதைச் சுற்றியும் பூசியிருந்தார். பாவம், அந்தக் கதவு நிரபராதி.

மேலும், நீர் கீழேதான் இறங்கும் என்ற நம் பழைய பாடம் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கி நிறுத்தப் போதுமானது. ஆகவே நின்ற வண்டியில் ஒழுகாத மூட்டு, மழையில் ஓடும்போது ஒழுகலாம். மயிரிழைச் சந்தாக இருந்தால் காற்றுகூட வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் நீர் தானாகவே ஏறும்.

எங்கே புகுந்தது என்பதை நிச்சயம் செய்யக் குழாய்ப் பரீட்சை செய்தோம். இதற்குப் பொறுமை வேண்டும். முதல் காரியம், வெளியிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரக் கம்பியைக் கழற்றிவிடுவது. ஈரச்சுவருக்குள் கம்பி ஓடுகிறது என்பதை மறக்கலாகாது. பிறகு தோட்டக் குழாயில் நீரைப் பீச்சாமல் மழை போல் மெதுவாக வழிய விட வேண்டும். பீச்சினால் நல்ல மூட்டும் ஒழுகும். எப்போதும் கீழேயிருந்து மேலே போக வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் நீர் எல்லா மூட்டுகளின் மேலும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். பின் ஜன்னலின் அடிப்பக்கம் கால் மணி நேரம், ஒன்றுமில்லை. ஜன்னலின் மேல்பக்கம் கால் மணி, ஒன்றுமில்லை. மூலையில் உயரே இருக்கும் சிறு விளக்கு. அதுவும் உலர்ந்தே இருந்தது. பிறகு கூரையும் பக்கச் சுவரும் சந்திக்கிற இடத்தில் ஓடும் அலுமினியப் பட்டி. வெளிப்பந்தலின் துணியைக் கோப்பதற்காக வைத்த பட்டி அது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் உள்ளேயிருந்து, டார்ச்சு விளக்குடன் படுத்திருந்த பையன், "வந்துவிட்டது! வந்துவிட்டது!" என்று கூவினான். துரதிருஷ்டம் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்களை நாம் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு நாள் உலரவிட்டு, அந்தப் பட்டியின் மேல் நீர்புகா நாடாவை ஒட்டி மூடிய பிறகு, கூரைக் கதவைச் சுற்றி அரைமணி நேரம் நீர் ஊற்றினோம். ஒரு சொட்டு இல்லை. கதவு விடுதலையாயிற்று.

அந்தப் பட்டியின் பிளாஸ்டிக் மூடியை உருவினால், சாணுக்கு ஒன்றாக இருந்த திருகாணிகளில் ஏழின் தலை செந்துருவாக இருந்தது. ஏன் இப்படி? ஆறு மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கூரை, 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அதனடியிலுள்ள மரச்சட்டமோ சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. முப்பது வருஷமாக ஒவ்வொரு பகலும் இரவும் இந்த இழுபறி நடந்தால், இடையிலுள்ள மக்கு என்ன செய்யும்? புதிதாக இருந்தபோது ஜவ்வு மிட்டாய் போல் இழுத்த இழுப்புக்கு வந்தது; இப்போது வெயிலில் காய்ந்த களிமண் போல் வெடித்திருந்தது. பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆறுக்கு இரண்டு மீட்டர் கூரையில் 120 லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு கரண்டி மட்டும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு திருகாணித் துளையில் இறங்கினால் போதும், சட்டம் உளுத்துப்போக.

இனி மக்கு விஷயம். சிலிக்கோன் மேல் நமக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை. குளியலறைத் தொட்டிக்கு அது நல்ல பொருள். ஆனால் வண்டிக் கூரையில் அதைப் பூசுவது பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்லுவோம். அதன் மேல் வேறு மக்கு ஒட்டாது, வர்ணம் ஒட்டாது, புதிய சிலிக்கோனும் சரியாக ஒட்டாது. புளிக்காடி வாசனை வீசுகிற வகையாக இருந்தால் உலோகத்தையும் அரிக்கும். மாணாக்கர் ஒரு மணி நேரத்தில் பூசியதைச் சுரண்டி எடுக்க நாங்கள் மூவரும் ஒன்றரை நாள் உழைத்தோம். இரும்புச் சுரண்டியால் தகட்டைக் கீறக்கூடாதென்பதால் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் சீவிய பட்டைகளைக் கொண்டுதான் சுரண்ட வேண்டும். பழைய மக்கின் பிசுக்கை வெள்ளை ஸ்பிரிட்டினாலும், கடைசித் துடைப்பை ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலினாலும் செய்தோம். சுத்தம் செய்வதே வேலையில் முக்கால் பங்கு. ஒட்டுவது கால் பங்கு.

வேண்டியது இரண்டே பொருள்கள். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் வைப்பதற்கு ப்யூட்டைல் என்ற ரப்பர் நாடா. இது என்றும் இறுகாது; பிசுபிசுப்பாகவே இருந்து, உலோகத்தின் இழுபறிக்கு வளைந்து கொடுக்கும். மேல் ஓரத்தில் பூசுவதற்கு, காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு இறுகி ரப்பராகும் பாலியூரித்தேன் மக்கு. முன்னதைக் கழற்றலாம், பின்னதைக் கழற்றுவது கஷ்டம். ஆகவே என்றாவது கழற்ற வேண்டிய கூரைக் கதவு, விளக்கு முதலியவற்றிற்கு ப்யூட்டைல்தான் உசிதம். கூரை முழுவதற்கும் திரவ ரப்பரைப் பூசி விடுகிற வழக்கமும் இருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்போது அப்படிச் செய்தால், நீர் வருகிற வழியோடு போகிற வழியும் அடைபடும்.

ஆனால் மூடுவதற்கு முன்னால் உள்ளே பார்க்க வேண்டுமே! ஒட்டுப்பலகையை மூலையிலிருந்து பிரித்தோம். மேல்சட்டம் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கையோடு வந்தது. ஸ்பூனால் வழிக்கலாம் போலிருந்தது. அதோடு நிற்காமல், ஊசி குத்தினால் இறங்காத கெட்டி மரம் வருகிறவரையில், அதற்கப்பாலும் ஒரு சாண் வெட்டி எடுத்தோம். நனைந்த நுரைப்பலகையையும் எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் மின்சார இயந்திரத்தை வைத்து வண்டியை மூடினோம். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களே அதிகம். மூன்று வாரம் ஆயிற்று. நாம் ஊர் திரும்புகிற நாளும் நெருங்கிவிட்டது. 34 என்றிருந்த மூலையின் ஓரத்து மரம் 16-க்கு இறங்கிய பிறகே புதுச் சட்டம் உள்ளே போயிற்று. காளானைத் தடுக்கும் மருந்து ஊட்டிய பைன் மரம். பழைய சட்டத்தோடு சாய்வாகச் சீவி இணைத்து, நீரில் கரையாத பசையால் ஒட்டியது. பழைய திருகாணித் துளைகளில் மர முளைகளை அடித்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை, முன்னிருந்ததைவிட ஒரு பிடி கனமானவையாக, போட்டோம். திருகாணியை ஒரேயடியாக முறுக்கினால் ப்யூட்டைல் முழுவதும் பிதுங்கிப் போய்விடும். ஒரு சுற்று முறுக்கி, மறுநாள் இன்னொரு சுற்று முறுக்கி, பிதுங்கியதை மட்டும் மரப்பட்டையால் வழித்தெடுக்க வேண்டும்.

இரும்பு வான் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் கூரையைச் சுற்றி ஒரு நீர்த்தாரை இருக்கிறது. தகடுகள் சேரும் மூட்டு அதற்குள்தான். அங்கே வர்ணம் கொப்புளித்திருந்தால் அடியில் துரு வேலை செய்கிறதென்று அர்த்தம். சுரண்டி, துருவுக்குரிய மருந்திட்டு, மூட்டு மக்கு வைத்து, வர்ணம் பூச வேண்டும். திறப்புக் கூரையானால், அடியிலுள்ள ரப்பர் விளிம்பையும் துணியின் தையல்களையும் பாருங்கள். மழையில் நனைந்த துணியை மடித்து மூடிவிட்டு மறந்து போவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

மாணாக்கர் குடும்பம் அந்த ஆகஸ்டில் விட்பி கடற்கரைக்குப் போய் வந்தது. ஊசி குத்துகிற வேலையைப் பையன் விடவில்லை. அலமாரிக் கதவின் உட்புறத்தில் வண்டியின் படத்தை ஒட்டி, மாதா மாதம் எண்களை எழுதி வருகிறான். 2023 டிசம்பர், பின் இடது மூலை, 15. 2024 மார்ச்சில் 14. அதற்கடுத்த அக்டோபரில் முன் ஜன்னலுக்கு மேலே ஓரிடத்தில் 19 என்று எழுதி, சிவப்புப் பென்ஸிலால் வட்டமிட்டு, தகப்பனாருக்குக் காட்டினானாம். மறுநாள் காலையில் குழாயை எடுத்துக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள்.